உன் ஊரின் முதல் குடும்பங்கள்

அன்புள்ள மகளுக்கு,

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உங்கள் மரியெட்டா ஊர் உருவான கதையைப் பேத்தி வகுப்பில் பேசப்போகிறாள் என்றாய். படகில் வந்த 48 பேரோடு நிறுத்திவிடுவாளோ என்றுதான் எழுதுகிறேன்.

1788 ஏப்ரல் 7 அன்று, மஸ்கிங்கம் ஆறு ஒஹாயோ ஆற்றில் கலக்கிற இடத்தில் ரூஃபஸ் புட்னம் என்ற படைத்தளபதியின் தலைமையில் அந்த 48 பேர் கரையேறியது உண்மை. எல்லாரும் ஆண்கள். மரம் வெட்டினார்கள், நிலம் அளந்தார்கள், கேம்பஸ் மார்டியஸ் என்ற கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். ஆகஸ்டில் முதல் குடும்பங்கள் வந்து அடுப்பு மூட்டிய பிறகுதான் அதை ஊர் என்று சொல்ல எனக்கு மனசு வருகிறது.

அதற்கு முன்பு அங்கே யாருமே இல்லை என்றும் குழந்தை நினைத்துவிடக் கூடாது. உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவிலுள்ள பெரிய மண்மேடு, ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் அந்த மண்ணின் பூர்வகுடிகள் எழுப்பியது. வந்தவர்கள் அதை இடிக்காமல் விட்டார்கள். அந்த மட்டில் நல்லது. ஆனால் டெலவேர், ஷானி, வயன்டாட் ஆகிய பூர்வகுடி மக்களில் பலர் தங்கள் நிலம் கைமாறியதை ஏற்கவேயில்லை. சண்டை 1795 கிரீன்வில் உடன்படிக்கை வரை நீண்டது. இரு பக்கமும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. வயதுக்குத் தகுந்த மாதிரி இதையும் சொல்லிக்கொடு.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 1790-இன் பட்டினியை. முந்தைய ஆண்டு உறைபனி சீக்கிரமே இறங்கி, முற்றாத மக்காச்சோளத்தைக் கெடுத்துவிட்டது. பூசணம் பிடித்ததைத் தின்றவர்கள் நோயில் விழுந்தார்கள். தாய்மார்கள் காஞ்சொறிக் கொழுந்தைப் பறித்து வேகவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்.

அப்போது ஒஹாயோ ஆற்றின் எதிர்க்கரையில், அன்றைய வர்ஜீனியாவில், ஐசக் வில்லியம்ஸ் என்பவரிடம் நல்ல மக்காச்சோளம் இருந்தது. வியாபாரிகள் ஒரு புஷலுக்கு (அது தானியம் அளக்கும் அளவு) ஒன்றேகால் டாலர் வரை தருவதாகச் சொல்லியும் அவர் மசியவில்லை. கஷ்டப்பட்ட குடும்பங்களுக்குப் பழைய விலையான 50 சென்டுக்கே கொடுத்தார். ‘வீட்டில் எத்தனை பேர்?’ என்று கேட்டு அதற்கேற்ப அளந்தார். பணக்காரன் வந்து மொத்தமாக அள்ளிப்போக விடவில்லை. கையில் காசில்லாதவர்களுக்குக் கடனாகவும் கொடுத்தார். அந்த நிலமே அவருடைய மனைவி ரெபெக்காவின் பாத்தியதையில் வந்தது. அவளுடைய சகோதரர்கள் அவளுக்காகக் காடு திருத்தி வைத்திருந்தார்கள். ஆகவே பேத்தி ஐசக்கைச் சொன்னால் ரெபெக்காவையும் சேர்த்துச் சொல்லட்டும்.

வந்திறங்கிய தளபதிகளுக்குச் சிலை வைப்பார்கள். எனக்கு என்னவோ, எத்தனை வயிறு என்று கேட்டு அளந்த அந்த மனுஷர்மேல்தான் மதிப்பு அதிகம்.

பாலம் தாண்டினால் அவர் பெயரிலுள்ள வில்லியம்ஸ்டவுன்தானே? லீவு நாளில் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள். ஆற்றங்கரையில் நின்று இரண்டு கரையையும் காட்டி இதைச் சொல்லு. அவளுக்குச் சட்டென்று விளங்கும். மீதி என்ன கேட்கிறாளோ எனக்கு எழுது, படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா