எலிக்கு வச்ச பசை அட்டையில சாரைப்பாம்பு மாட்டிக்கிச்சு, வேலையை முடிச்சுக் குடுங்க இல்லன்னா பணத்தை திருப்பிக் குடுங்க

மேனேஜர் சார், வணக்கம்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல இருந்து எழுதறேன். மழைக்கு அப்புறம் வாய்க்கால் பக்கமா எலியும் பெருச்சாளியும் வீட்டுக்குள்ள வர ஆரம்பிச்சதால உங்க பெஸ்ட் கண்ட்ரோல்ல ஒரு வருஷ கான்ட்ராக்ட் போட்டு முழுப் பணமும் கட்டிட்டேன். ஓட்டையெல்லாம் அடைச்சு கம்பி வலை போட்டுத் தர்றோம்னு உங்க சேல்ஸ் ஆளு சொன்னாரு, பில்லுலயும் இருக்கு. வந்த பையன் ஒரு ஓட்டையையும் தொடல சார், பாத்ரூம் தண்ணி போற பக்கம் திறந்த வெளியில பசை அட்டையை போட்டான், காம்பவுண்ட் சுவர் மேல எலி விஷ கேக்கை வச்சான், கிளம்பிட்டான்.

மறுநாள் காலைல பார்த்தா அட்டையில பெரிய சாரை. நடு உடம்புல இருந்து வால் வரைக்கும் ஒட்டிக்கிச்சு, தலையை மட்டும் தூக்கித் தூக்கி அடிக்குது, செதில் பூரா மண்ணும் எறும்பும். பக்கத்து வீட்டுக்காரங்க நாகம்னு நினைச்சு கட்டையோட வந்துட்டாங்க. தெருவுல பாம்பு பிடிக்கத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் சமையல் எண்ணெயை கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, துணியால நீவி நீவி எடுத்தாரு, அப்புறம் வனத்துறைக்கு போன் பண்ணி ஒப்படைச்சோம். எலியை பிடிச்சு தின்னுற பாம்பு அது, விஷமும் கிடையாது, 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல வர்ற உயிர். விலங்குகள் நல வாரியம் 2011லயே இந்த பசை அட்டை வேண்டாம்னு எழுதியிருக்கு, இதே தொழில்ல இருக்குற உங்களுக்கு தெரியாதா?

கஸ்டமர் கேர்ல கேட்டா "பாம்பு எங்க சர்வீஸ்ல வராது"ங்கறாங்க. பிடிச்சு வச்சது உங்க அட்டைதானே சார்?

கேக் என்ன மருந்துன்னு அந்தப் பையனுக்கே தெரியல, கவர்ல பார்த்தா புரோமடியோலோன். அதை தின்ன எலி உடனே சாகாது, ரத்தம் உறையாம போய் சில நாள் தள்ளாடிட்டு திரியும், அப்ப பூனையோ கூகையோ பிடிச்சு தின்னா அதுக்கும் விஷம் ஏறும். சின்னப் பிள்ளைங்க இருக்குற வீடு இது, பூட்டுற பெட்டிக்குள்ள வைக்காம, மாத்து மருந்து வைட்டமின் கே1னு ஒரு வார்த்தை சொல்லாம சுவர் மேல வச்சுட்டுப் போனா என்ன அர்த்தம்?

அட்டை, கேக் எல்லாத்தையும் உடனே வந்து எடுங்க. சாக்கடை வாய்க்கு வலை போட்டு, பைப் போற சந்தெல்லாம் சிமெண்ட் வச்சு அடைங்க, வழி திறந்திருந்தா எத்தனை எலியை கொன்னாலும் புதுசு வரத்தான் செய்யும். ஒரு வாரத்துக்குள்ள செய்யலன்னா முழுப் பணமும் திரும்ப வேணும், இல்லாட்டி கடலூர் நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போடுவேன். பில் காப்பி, போட்டோ அனுப்பியிருக்கேன்.