கடவூர் சரணாலயத் தேவாங்குகளின் மரபணுவை ஆராயக் கோரும் மனு

அனுப்புநர்:
அய்யலூர் வட்டார விவசாயிகள்,
வேடசந்தூர் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்கள்,
தமிழ்நாடு வனத்துறை, சென்னை.

பொருள்: கடவூர் தேவாங்கு சரணாலயம் – மரபணு வரிசை ஆய்வு தொடங்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை நாட்டின் முதல் தேவாங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. எங்களுக்கு இதில் பெருமைதான். ஆனால் அது ஒரே காடு அல்ல. தனித்தனி மலைகளும் கரடுகள் என்று நாங்கள் சொல்லும் சிறு குன்றுகளும், இடையிடையே எங்கள் தோட்டங்கள், ஊர்கள், தார்ச்சாலைகள். அய்யலூர் வழியாகத் திருச்சி–திண்டுக்கல் நான்குவழிச் சாலையும் ரயில் பாதையும் வேறு போகின்றன.

தேவாங்குக்குக் குரங்கைப்போலத் தாவ வராது. கிளையைப் பற்றிப் பற்றித்தான் நகரும். கிளைத் தொடர்ச்சி அறுந்த இடத்தில் தரைக்கு இறங்கியாக வேண்டும். அங்கேதான் வண்டியில் அடிபடுகிறது. அப்படியானால் ஒரு கரட்டுத் தேவாங்கு அடுத்த கரட்டுக்குப் போய் இணை சேர்கிறதா, இல்லை நெருங்கிய உறவுக்குள்ளேயே குட்டி போட்டுக்கொண்டிருக்கிறதா? இரவில் டார்ச் அடித்து, மினுங்கும் கண்களை எண்ணும் கணக்கெடுப்பால் இதைச் சொல்ல முடியாது. தலைக்கணக்கு நன்றாகத் தெரியும்போதே உள்ளுக்குள் மரபணு வளம் வற்றிக்கொண்டிருக்கலாம். மரங்களுக்கிடையே கயிற்றுப் பாலம் எங்கே கட்டுவது, எந்த வேலியோரம் மரம் வைப்பது என்று முடிவெடுக்கும் முன், எந்தெந்தக் கரடுகளுக்கிடையே உறவு அறுந்திருக்கிறது என்பது தெரிய வேண்டாமா?

இதற்காக எந்த உயிரையும் வலை வைத்துப் பிடிக்க வேண்டியதில்லை. பிடிக்கவும் கூடாது என்பதே எங்கள் வேண்டுகோள். எச்சத்திலிருந்தும் உதிர்ந்த முடியிலிருந்தும் மரபணுவை எடுக்கலாம். எச்சம் சிறியது, நம்மூர் வெயிலில் சீக்கிரம் கெட்டும்விடும். ஆகவே விடியற்காலையிலேயே சேகரித்தாக வேண்டும். அதைவிட எளிதான வழி ஒன்று உண்டு. சாலையில் அடிபட்டுச் செத்த தேவாங்கைப் புதைப்பதற்கு முன், காது நுனியில் நகக்கண் அளவு திசுவை வெட்டி எத்தனால் குப்பியில் போட்டு, இடமும் தேதியும் எழுதி வைத்தால் போதும். மண்ணுக்குள் போகிற தகவல் ஆய்வகத்துக்குப் போகும். வனச்சரக ஊழியர்களுக்கு அரை நாள் பயிற்சி கொடுத்தால் இதைச் செய்துவிடுவார்கள். வண்டலூரில் உள்ள உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனத்திடமே ஆய்வை ஒப்படைக்கலாம்.

இன்னொன்று. மாந்திரீகத்துக்கும் வளர்ப்புக்கும் பிடிக்கப்பட்டு மீட்கப்படும் தேவாங்குகளைக் கைக்கெட்டிய ஏதோ ஒரு காட்டில் விட்டுவிடக் கூடாது. எங்கள் வறண்ட காட்டில் இருப்பது ஒரு துணையினம், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டில் இருப்பது வேறு. மரபணுப் பதிவு கைவசம் இருந்தால், மீட்ட விலங்கு எந்தப் பக்கத்தது என்று பார்த்து அங்கேயே சேர்க்கலாம்.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் தேவாங்கு இருப்பதால், அச்சட்டப்படி ஆய்வுக்கு வேண்டிய அனுமதிகளைத் தாங்களே முன்னின்று பெற்றுத் தர வேண்டுகிறோம். மாதிரி எடுத்த சரியான இடங்களைப் பொதுவில் வெளியிட வேண்டாம். பிடிப்பவர்களுக்கு அதுவே வழிகாட்டியாகிவிடும். முடிவுகளை மட்டும் எங்கள் கிராம சபைகளில் தமிழில் விளக்க ஏற்பாடு செய்யுங்கள். எந்த வேலியை வெட்டாமல் விட வேண்டும் என்று தெரிந்தால் எங்கள் தோட்டத்துக் கிளுவை வேலிகளை அப்படியே விட்டுவைக்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அய்யலூர் வட்டார விவசாயிகள்