செயலாளரின் ஆண்டறிக்கை: 2024 ரக்பி லீக் பருவம்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024ஆம் ஆண்டுக்கான அறிக்கையைச் சபையின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார் என்பதால் பண விடயங்களை நான் தொடவில்லை. நமது விளையாட்டுப் பிரிவின் வேலைகள் இந்த ஆண்டு பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக் போட்டிகளைச் சுற்றியே நடந்தன. அதனால் அந்தப் பருவத்தை நாம் பார்த்தபடியே இங்கே பதிவு செய்ய வேண்டும் என்று செயற்குழு கேட்டுக்கொண்டது.

மேற்குச் சிட்னியைச் சேர்ந்த நமது பரமட்டா ஈல்ஸ் அணி 17 அணிகளில் 15ஆவதாக வந்தது. 24 ஆட்டங்களில் 7 வெற்றி, 17 தோல்வி. இந்த அணி கடைசியாகக் கிண்ணம் வென்றது 1986இல்; இங்கே இருப்பவர்களில் பலர் அப்போது யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தோம், சிலர் பிறக்கவே இல்லை. அப்படியிருந்தும் ஆண்டு முழுவதும் நீலமும் மஞ்சளும் அணிந்து நம்மவர்கள் மைதானத்துக்கு வந்துகொண்டே இருந்தார்கள். வென்ட்வேர்த்வில், பென்டில் ஹில், டூங்காபி, வெஸ்ட்மீட் என்று நாம் வீடு எடுத்துக் குடியிருக்கும் இடங்களின் அணி இது. நன்றாக ஆடும் வருடத்தில் மட்டும் நம்முடையது என்று சொல்ல முடியாது. இந்த ஆண்டில் நாம் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பெருமை தருவது இந்த உறுதிதான்.

பருவம் மார்ச் தொடக்கத்தில் அமெரிக்காவின் லாஸ் வேகஸில் ஆரம்பித்தது. ஒரே மைதானத்தில் இரண்டு ஆட்டங்கள்: மான்லி அணி சவுத் சிட்னியை 36–24 என்றும், சிட்னி ரூஸ்டர்ஸ் பிரிஸ்பேன் பிரொங்கோஸை 20–10 என்றும் வென்றன. நமக்கு உண்மையான தொடக்கம் அடுத்த வாரம், மார்ச் 9ஆம் திகதி, ஈல்ஸின் சொந்த மைதானமான கொம்பேங்க் மைதானத்தில். கன்டர்பரி புல்டோக்ஸை ஈல்ஸ் 26–8 என்று வென்ற அந்த மாலை எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை தந்தது. அப்புறம் மூன்றாம் சுற்றோடு மிச்செல் மோசஸுக்குப் பாதத்தில் எலும்பு முறிந்தது. ஆட்டத்தை இயக்கும் ஹாஃப்பேக் இல்லாமல் போனால் ஓர் அணி என்ன பாடுபடும் என்பதை அடுத்த வாரங்களில் கண்ணால் பார்த்தோம்.

ஈஸ்டர் திங்கள் ஆட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நமது மூத்தோர் பலருக்கு அதுதான் மைதானத்தில் பார்த்த முதல் ரக்பி லீக் ஆட்டம். ஊரில் கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த விளையாட்டின் சட்டங்கள் முதலில் பிடிபடவில்லை. பந்தை முன்னால் எறியக் கூடாது, ஆனால் முன்னால் ஓட வேண்டும். விழுத்தினாலும் பந்து அதே அணியிடம்தான் இருக்கும் என்றால் குழப்பம் வரத்தானே செய்யும்? நமது மகளிர் பிரிவில் ஓர் அம்மா அதற்கு நல்ல வழி கண்டுபிடித்தார். ஓவருக்கு ஆறு பந்து போல இங்கே ஆறு டக்கிள் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து நிறுத்துவது), ஆறாவதோடு பந்து கை மாறும் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவ்வளவுதான். அதன் பிறகு அந்த வரிசை முழுவதும் விரல் விட்டு எண்ணத் தொடங்கியது. "அஞ்சு, அஞ்சு, இனி உதைப்பான் பாருங்கோ" என்று ஒருவர் சொல்ல, சொன்னபடியே உதை வர, பின்வரிசையில் இருந்த ஓர் ஆஸ்திரேலியக் குடும்பமும் சிரித்துக்கொண்டு நம்மோடு சேர்ந்து எண்ணியது. ஆட்டம் என்னவோ வெஸ்ட்ஸ் டைகர்ஸுக்கு 17–16. ஓடும் ஆட்டத்தில் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்ட் கோல் ஒன்றின் ஒரே புள்ளியில் தோற்றோம். வீடு திரும்பும் வழியில் அந்த ஒரு புள்ளியைப் பற்றிப் பேசியவர்களில், காலையில் வர மாட்டேன் என்று சொன்ன ஐயாமாரும் இருந்தார்கள்.

மே மாதம், ஒரு சுற்றின் எல்லா ஆட்டங்களும் பிரிஸ்பேனில் ஒரே மைதானத்தில் நடந்த மஜிக் ரவுண்டில் மெல்பேர்ண் ஸ்டோர்மிடம் ஈல்ஸ் படுதோல்வி அடைந்தது. அடுத்த சில நாட்களில், 2014 முதல் பயிற்றுவிப்பாளராக இருந்த பிராட் ஆர்தர் பதவி நீக்கப்பட்டார். டிரென்ட் பாரெட் இடைக்காலப் பொறுப்பில் மிச்சப் பருவத்தைக் கொண்டுபோனார். ஆர்தரை அனுப்பியது சரியா என்று நமது செயற்குழுக் கூட்டத்திலேயே நீண்ட விவாதம் நடந்தது. என் கருத்தைச் சொல்வதென்றால், 2022இல் இறுதியாட்டம் வரை கொண்டுபோன மனிதருக்கு, மோசஸ் குணமாகித் திரும்பி ஆடும் வரையாவது நேரம் கொடுத்திருக்கலாம்.

நமது நியூ சவுத் வேல்ஸ் மாநிலமும் குயின்ஸ்லாந்தும் மூன்று ஆட்டங்களில் மோதும் ஸ்டேட் ஒஃப் ஒரிஜின் தொடரை இந்த ஆண்டு சேர்ந்து பார்ப்பது என்று முடிவெடுத்தோம். ஜூன் 5ஆம் திகதி முதல் ஆட்டம் சிட்னியிலேயே நடந்தது. எட்டாவது நிமிடத்திலேயே நியூ சவுத் வேல்ஸின் ஜோசப் சுவாலிஇ, ரீஸ் வோல்ஷைத் தலைமட்டத்தில் மோதியதற்காக வெளியேற்றப்பட்டார். மீதி நேரம் முழுக்கப் பன்னிரண்டு பேரோடு ஆடி 38–10 என்று தோற்றோம். இரண்டாவது ஆட்டத்துக்கு நாம் பதிவு செய்திருந்த மண்டபத்தை அதே மாலைக்கு வேறொரு குழுவுக்கும் கொடுத்துவிட்டார்கள். கதவடியில் நின்று வாதாடிப் பயனில்லை என்று தெரிந்ததும், அருகில் இருந்த அங்கத்தவர் ஒருவர் தன் வீட்டுக் கராஜைத் திறந்துவிட்டார். காரை வீதியில் விட்டு, கதிரைகளைப் போட்டு, சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் படம் விழுத்தினோம். மெல்பேர்ண் எம்.சி.ஜி. மைதானத்தில் இடைவேளையிலேயே நியூ சவுத் வேல்ஸ் 34–0 என்று முன்னணியில் இருந்தது. கொண்டுவந்த ரோல்ஸும் கட்லட்டும் அந்த இடைவேளையோடு முடிந்துபோக, வீட்டுக்கார அக்கா இரவோடிரவாகக் கொத்து ரொட்டி போட்டுத் தந்தார். அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் சங்கத்தின் சார்பில் இங்கே நன்றி சொல்கிறேன்.

ஜூலை 17ஆம் திகதி பிரிஸ்பேனில் தொடரைத் தீர்மானிக்கும் ஆட்டம் 14–4 என்று நமக்கு வந்தது. பிரிஸ்பேனில் வைத்துத் தீர்மான ஆட்டம் ஒன்றை நியூ சவுத் வேல்ஸ் வென்றது 2005க்குப் பிறகு இதுதான் முதல் தடவை. கடைசிக் கட்டத்தில் பிராட்மன் பெஸ்ட் ஒரு ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) போட, அடுத்ததைப் போட்டவர் நமது மோசஸ். அதே இரவில் அவருடைய கையின் தசை கிழிந்து, ஈல்ஸுக்கு அந்தப் பருவத்தில் அவர் மறுபடி ஆடவே இல்லை.

மோசஸ் லெபனான் வம்சாவளியினர், உலகக் கிண்ணத்தில் லெபனானுக்காக ஆடியவர். பென்றித் அணியின் பிரையன் டோஓவும் ஜரோம் லுவாயும் சமோவாக் குடும்பத்துப் பிள்ளைகள், மவுண்ட் ட்ரூயிட் பக்கம் வளர்ந்தவர்கள். நாம் வாரச் சாமான் வாங்கப் போகும் அதே மேற்குச் சிட்னியில், வேறு தேசத்திலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்து, தெருமுனைக் கிளப்பில் பந்து பிடிக்கப் பழகியவர்கள். நம் பிள்ளைகள் மட்டும் ஏன் எப்போதும் பார்வையாளர் வரிசையில் இருக்க வேண்டும் என்ற கேள்வியை இந்தச் சபை முன் வைக்கிறேன். கணிதமும் வயலினும் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சனிக்கிழமைக் காலையில் ஒரு மணி நேரம் புல்வெளிக்கும் இருக்கட்டும்.

பெற்றோரின் பயம் எனக்குத் தெரியும், அது நியாயமானது. தலையில் அடிபடுவது இந்த விளையாட்டின் பெரிய கவலை. தொழில்முறைப் போட்டியிலேயே மூளை அதிர்ச்சி உறுதியான வீரர் பொதுவாக 11 நாட்கள் கழித்துத்தான் திரும்ப ஆடலாம் என்ற விதி இப்போது இருக்கிறது. ஆட்டத்தின் நடுவில் சந்தேகம் வந்தாலும் வைத்தியர் வெளியே அழைத்துச் சோதிப்பார். சிறு பிள்ளைகளுக்கோ டக்கிளே இல்லாத லீக் டாக் இருக்கிறது. இடுப்புப் பட்டியின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் துணிப்பட்டியில் ஒன்றை உருவி எடுத்தால் டக்கிள் ஆனதாகக் கணக்கு. யாரும் யாரையும் விழுத்துவதில்லை. செப்டெம்பர் விடுமுறையில் நமது குடும்ப ஒன்றுகூடலில் இதை ஆடிப் பார்த்தோம். பெண் பிள்ளைகள்தான் அதிகம் உருவினார்கள். முதலில் ஓரமாக நின்ற ஒரு சின்னப் பெண், கடைசியில் மூன்று பட்டிகளைக் கையில் சுற்றிக்கொண்டு அம்மாவிடம் ஓடியதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். குடும்ப வரிச் சலுகை பெறும் பெற்றோர், பாடசாலைப் பிள்ளை ஒருவருக்கு வருடத்தில் இரு தடவை 50 டொலர் வவுச்சரை மாநில அரசிடமிருந்து எடுக்கலாம். பதிவுக் கட்டணத்தில் அது கழியும். விண்ணப்பிக்கத் தெரியாதவர்களுக்கு நான் உதவுகிறேன்.

பெண்கள் போட்டியையும் மறக்கக் கூடாது. ஒரிஜின் தொடர் முதல் தடவையாக மூன்று ஆட்டங்களாக நடந்தது. குயின்ஸ்லாந்து 2–1 என்று வென்றது. கழகங்களின் இறுதியாட்டத்தில் ரூஸ்டர்ஸ் குரொனுல்லாவை 32–28 என்று வென்றது. பெண்கள் ஆட்டங்களுக்கு நாம் ஒழுங்கு எதுவும் செய்யவில்லை. அடுத்த ஆண்டு அவசியம் செய்ய வேண்டும்.

பருவத்தின் கடைசிச் சுற்று, செப்டெம்பர் 6, வெள்ளி இரவு. கேம்பல்டவுனில் டைகர்ஸுக்கும் ஈல்ஸுக்கும் ஆட்டம். இரு அணிகளுக்கும் அதுவரை 6 வெற்றிகள்தான். தோற்பவருக்கு மரக்கரண்டி, அதாவது கடைசி இடத்துக்கான கேலிப் பட்டம், என்ற நிலை. வேலை முடித்து அவ்வளவு தூரம் போவார்களா என்று நினைத்தேன், போனார்கள். ஈல்ஸ் 60–26 என்று வென்றது. டைகர்ஸ் தொடர்ந்து மூன்றாவது ஆண்டாகக் கடைசி இடம். அந்த இரவு கிளின்ட் கதர்சனைப் பார்த்து நம்மவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பல வருடம் தலைவராக இருந்த அவர் இப்போது சென் ஜோர்ஜ் இலவாராவுக்குப் போய்விட்டார்.

இறுதிச் சுற்றுகளில் பென்றித் பாந்தர்ஸ் ரூஸ்டர்ஸை 30–10 என்றும், குரொனுல்லாவை 26–6 என்றும் வென்றது. புள்ளிப் பட்டியலில் முதலாவதாக வந்த மெல்பேர்ண், ரூஸ்டர்ஸை 48–18 என்று துவைத்துவிட்டு இறுதிக்கு வந்தது.

இறுதியாட்டம் ஒக்டோபர் 6, ஞாயிறு. நவராத்திரி நாட்கள், போதாததற்கு அன்று காலைதான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிய நாள். மாலையில் மண்டபத்தில் கும்பம் வைத்துப் பூசை செய்து, அவலும் கடலையும் கொடுத்து முடித்துவிட்டு, ஏழரைக்குத் திரையைப் போட்டோம். இந்தத் தடவை மண்டபம் நமக்கே கிடைத்தது. பிளாக்டவுன் பக்கத்து அங்கத்தவர்கள் பாந்தர்ஸ் சட்டையோடு ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம். மெல்பேர்ணின் ஹரி கிரான்ட் முதல் ட்ரை போட்டார். இடைவேளைக்குள் சூனியா துருவாவும் லியம் மார்ட்டினும் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டாம் பாதியில் போல் அலமோட்டி. மெல்பேர்ணின் ஜாக் ஹொவார்த் பந்தைத் தரையில் வைத்தாரா இல்லையா என்று மண்டபம் இரண்டாகப் பிரிந்து நின்றது. காணொளி நடுவர் இல்லை என்றார். என் கண்ணுக்கு அது ட்ரை. முடிவு 14–6, சிறந்த வீரர் விருது மார்ட்டினுக்கு.

பென்றித்துக்கு இது தொடர்ந்து நான்காவது கிண்ணம். 1956 முதல் 1966 வரை சென் ஜோர்ஜ் தொடர்ந்து பதினொன்று வென்ற காலத்துக்குப் பிறகு எவரும் இதைச் செய்ததில்லை. ஓர் அணி தன் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருப்பதால் வெல்லும் அணியிடமிருந்து ஒவ்வோர் ஆண்டும் நல்ல வீரர்கள் வெளியே போகிறார்கள். இந்த ஆண்டு லுவாய் டைகர்ஸுக்கும், ஃபிஷர்-ஹரிஸ் நியூசிலாந்து வோரியர்ஸுக்கும். போனவர்களின் இடத்துக்குத் தன் சொந்த மாவட்டத்துச் சிறுவர் கிளப்புகளில் வளர்ந்தவர்களைக் கொண்டுவருவதுதான் பென்றித் செய்யும் வேலை. பரமட்டா கற்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது. பிளேஸ் தலாகி போன்ற இளைஞரைப் பென்றித்துக்கே விட்டுக்கொடுத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நம்பிக்கைக்கும் இடம் உண்டு. கன்டர்பரி 2023இல் நாம் 2024இல் முடித்த அதே 15ஆவது இடத்தில் முடித்து, 2024இல் ஆறாவதாக வந்து, 2016க்குப் பிறகு முதல் தடவையாக இறுதிச் சுற்றுக்குப் போனது. 2025 பருவத்துக்கு ஈல்ஸின் புதிய பயிற்றுவிப்பாளராக ஜேசன் ரைல்ஸ் வந்திருக்கிறார்.

அடுத்த ஆண்டுக்குச் செயற்குழு கேட்பவை இவை. 2024 டிசம்பர் 20 முதல் வெஸ்ட்மீட்டிலிருந்து பரமட்டா வழியாக இலகு ரயில் ஓடுவதால், மூத்தோரை மைதானத்துக்கு அழைத்துப் போவது இனி சுலபம். மாதம் ஓர் ஆட்டத்துக்காவது குழுவாகப் போக அனுமதி வேண்டும். பென்றித் மைதானத்தில் திருத்தவேலை நடப்பதால் பாந்தர்ஸும் 2025இல் கொம்பேங்கில்தான் தன் பெரும்பாலான சொந்த மைதான ஆட்டங்களை வைக்கிறது, ஆகவே பிளாக்டவுன் அங்கத்தவர்களுக்கும் இது பொருந்தும். ஒரிஜின் மாலைகளுக்கான மண்டபத்தை இப்போதே எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். லீக் டாக் பயிற்சிக்குப் பெற்றோரிலிருந்து இரண்டு பேர் முன்வர வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் தேநீர் இடைவேளையில் என்னிடம் சொல்லுங்கள்.

இந்த அறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி.

செயலாளர்