உசிலம்பட்டி பஸ்ஸில் வந்த ஐயாவுக்கும், உடன் நின்றவர்களுக்கும்

நேற்று இரவு பதினொன்றரைக்கு எங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் முடிந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு அது. ஐந்து பேரும் இருந்தார்கள். ஐந்து பேரும் என்று எழுதும்போதே தொண்டை அடைக்கிறது. மூன்று வாரத்துக்கு முன் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைக் கிளற எனக்கு மனமில்லை. அந்த விளையாட்டுக்கு நான் எழுதிய கிளாஸால்தான் (கதாபாத்திர வகை) எங்கள் ஆட்டக் குழு உடைந்தது.

அந்தக் கிளாஸ்தான் வளரி வீரர். வளரி என்பது வளைதடி, வளைந்த எறி ஆயுதம். ஆசையோடுதான் எழுதினேன். சின்ன மருது தமக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்ததாக வெல்ஷ் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி எழுதிவைத்திருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் வாளுக்கும் வில்லுக்கும் பக்கத்தில் நம் பக்கத்து ஆயுதமும் நிற்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. போகும்போது ஓர் அடி, திரும்பும்போது ஓர் அடி என்று விதி வைத்தேன். ஐந்தாம் லெவலில் வாள் வீரருக்கு ஒரு சுற்றில் இரண்டு வெட்டு. இரண்டும் பட்டால் சராசரி 17 சேதம். என் வீரருக்கு நான்கு அடி, சராசரி 30. அதுவும் 60 அடி தூரம் தள்ளி நின்றுகொண்டே. முன்னால் போய் அடி வாங்கிச் சண்டை போடுகிறவருக்கு வேலையே இல்லாமல் போனது. சேதத்துக்கு உருட்டும் ஆறு முகப் பகடையை நான்கு முகமாக்கினேன். நான்கு அடியும் அப்படியே இருந்ததால் 26-க்குக் கீழே இறங்கவில்லை. ஓய்வெடுக்கும்வரை இத்தனை முறைதான் என்று கட்டிப்போட்டேன். அதன்பின் அது வளரியாகவே தெரியவில்லை.

அந்த நிலையில்தான் உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வரும் பஸ்ஸில் நோட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். நான் வரைந்திருந்ததைப் பார்த்து, "ஏன் தாயி, வளைதடியா?" என்று கேட்டார். ஆமாம் ஐயா என்றேன். "பிடி தப்பாக இருக்கிறதே" என்று பேனாவை வாங்கினார். கனத்த முனை வெளியே, மெலிந்த முனை கைக்குள் என்று ஒரே கோட்டில் வளைவைத் திருத்தினார். பிறகு மடியில் இருந்த துண்டை முறுக்கி, தோளுக்கு மேல் சுழற்றி, எறியாமல் நிறுத்திக் காட்டினார். துண்டின் நுனி முன் இருக்கைக் கம்பியில் பட்டு மெல்லத் தட்டியது.

திரும்பி வரும்போதும் அடிக்குமா ஐயா என்று கேட்டேன். "பட்ட தடி எங்கே தாயி திரும்பும்? பட்ட இடத்தில் விழும். போய்த்தான் எடுக்க வேண்டும். படாததுதான் வரும்" என்றார். அவருடைய அப்பா சொன்னதாம். செக்கானூரணியில் இறங்கிவிட்டார். நான் என்ன எழுதுகிறேன் என்று அவர் கேட்கவும் இல்லை, எனக்குச் சொல்லவும் தோன்றவில்லை.

மூன்று வாரமாக நான் கணக்கில் தேடியது அந்த ஒரு பேச்சில் இருந்தது. வீரரிடம் மூன்று தடி. பட்டால் எதிரியின் காலடியில் விழும். மறுபடி வேண்டுமென்றால் ஆபத்துக்குள் நடந்து போய் எடுக்க வேண்டும். தவறினால் கைக்கு வரும். போனஸ் ஆக்‌ஷனில் (ஒரு சுற்றில் கிடைக்கும் கூடுதல் செயல்) ஒரே ஒரு முறை மீண்டும் எறியலாம். ஆறு முகப் பகடையையே திரும்பக் கொடுத்தேன். ஒரு சுற்றின் இரண்டு எறியும் பட்டால் சராசரி 15. நேற்று மூன்றாவது சுற்றில் வெறுங்கையோடு நின்ற வளரி வீரருக்கு, வாள் வீரர் முன்னால் போய் வழி ஏற்படுத்திக் கொடுத்தார். போன முறை மேசையை விட்டு எழுந்து போனவர் அவர்தான்.

விடிய விடியப் பகடை உருட்டிச் சோதித்துக் கொடுத்த தம்பிகள், விதித்தாளை மூன்று முறை மாற்றியும் முகம் சுளிக்காமல் நகல் எடுத்துத் தந்த சிம்மக்கல் கடை அண்ணன், தல்லாகுளத்தில் வீட்டு மொட்டை மாடியை விட்டுக்கொடுத்த அக்கா, கூப்பிட்டதும் பழையதைப் பேசாமல் திரும்பி வந்த நண்பர்: உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. இனி எந்தக் கிளாஸை எழுதினாலும் 1, 5, 11, 17 ஆகிய நான்கு லெவலிலும் நானே பத்துச் சண்டை ஆடிப் பார்க்காமல் இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டேன்.

ஐயா, உங்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. நீங்கள் போட்ட கோடு அந்தப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. கிளாஸின் பெயரை வளைதடியார் என்று மாற்றிவிட்டேன்.