முதலாளி போட்டது பாதி, ஊர் போட்டது பாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் மீன்வலைக் கடை முதலாளி காலமானதையொட்டிச் சென்ற ஞாயிறு இதழில் வந்த அஞ்சலிக் கட்டுரையை வாசித்தேன். படமும் நன்றாக இருந்தது. அவருடைய கடையில் கனகாலம் கணக்கு எழுதியவன் நான். கட்டுரையில் வாசிகசாலையைப் பற்றி எழுதியதில் ஒரு திருத்தம் வேண்டும். அதைச் சொல்ல வந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘வாரி வழங்கினார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கடைத்தெருவில் அதை வாசித்தவர்கள் சிரித்திருப்பார்கள். பார்சலில் வந்த சணல் கயிற்றை அறுக்கவே விடமாட்டார். முடிச்சை அவிழ்த்து, சுருட்டி, லாச்சிக்குள் வைக்கவேண்டும். சம்பளம் ஒரு மாதமும் பிந்தியதில்லை. ஆனால் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டால் அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார். இப்படிக் கை இறுக்கமான மனிதர் ஊருக்கு இவ்வளவும் செய்தது எப்படி என்பதைத்தான் கட்டுரை சொல்லியிருக்கவேண்டும்.

புங்குடுதீவிலிருந்து திருகோணமலைக்குக் கடைப்பொடியனாக வந்தவர். திருகோணமலைக் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் 1957இல் இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனதற்குப் பிந்திய வருடங்கள் அவை. கடற்படைக்காரரை நம்பியிருந்த கடைகளெல்லாம் ஈயோட்டிக்கொண்டிருந்தன. கோணேசர் கோயிலைத் திரும்பக் கட்ட ஊர் பணம் சேர்த்ததும் அந்த நாட்களில்தான். 1950இல் கிணறு வெட்டும்போது விக்கிரகங்கள் கிடைத்தன, 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. கோயிலுக்குப் பணம் சேர்க்கக் கடைக்கு வந்தவர்களிடம் பெரிய முதலாளிமார் நோட்டு நீட்டியது அவருக்கு ஞாபகமில்லையாம். மீன் விற்கும் பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறை போட்டதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். “காசு போட்டவள் கோயிலைத் தன்ரை கோயில் எண்டு நினைப்பாள்” என்பார்.

பிறகு சொந்தக் கடை. பருத்தி வலை போய் நைலோன் வலை வந்த நேரத்தில் அதைப் பிடித்துக்கொண்டார். நூல், மிதவை, ஈயம் எல்லாம் அவரிடம் கிடைக்கும். சூடை மீனுக்கு எந்த அளவு வலைக்கண், அறக்குளா மீனுக்கு எந்த அளவு என்று விரலை விட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். கலவரத்தில் கடை எரிந்ததையும் மறுபடி எழும்பியதையும் நீங்களே நன்றாக எழுதிவிட்டீர்கள், நான் அதற்குள் போகவில்லை.

நீங்கள் விட்டது கடன் கொப்பி. வாடைக்காற்றுக் காலத்தில் எங்கள் பக்கக் கடல் கொந்தளிக்கும், தொழில் இல்லை, அடுப்பு எரியாது. அந்த மாதங்களில்தான் அவர் கடன் கொடுப்பார், வட்டியில்லாமல். கடல் திறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால் சரி. போர்க்காலத்தில் இரவுத் தொழிலுக்குத் தடை, இயந்திரத்துக்குக் கட்டுப்பாடு என்று வந்தபோது கொப்பியில் பக்கங்கள் நிரம்பின. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் வள்ளமும் வலையும் போனவர்கள் அடுத்த வாரங்களில் கடை வாசலில் வந்து நின்றார்கள். பழைய கடனை வெட்டிவிடட்டுமா என்று நான் கேட்டேன். வேண்டாம் என்றார். “வெட்டினால் பிறகு கடைக்கு வர வெட்கப்படுவான். அது கிடக்கட்டும், புதுப் பக்கம் எழுது.” இலவசமாக வந்த வலைகளில் சில எங்கள் கடலுக்குப் பொருந்தாத கண். அதை எடுத்துக்கொண்டு வந்தவர்களுக்கும் தொழில் வலை கடனுக்குக் கொடுத்தார். அந்தப் பக்கங்களில் பெரும்பகுதி பிறகு கட்டித் தீர்ந்தது. கட்டாதவர்களும் உண்டு, அவர்களை அவர் நன்றாக ஏசியதும் உண்டு.

சரி, இப்போது திருத்தம். நகருக்கு வடக்கே இருக்கும் அந்தக் கடற்கரைக் கிராமத்து வாசிகசாலையை ‘தன் சொந்தச் செலவில் கட்டிக்கொடுத்தார்’ என்று போட்டிருக்கிறீர்கள். அது தவறு. அவர் யாருக்கும் முழுப்பணம் கொடுத்ததில்லை. பள்ளிக்கூடக் கிணறோ கோயில் மடமோ, யார் வந்து கேட்டாலும் “உங்கடை பாதி எங்கே?” என்றுதான் கேட்பார். சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். எனக்கும் அது சில நேரம் கல்நெஞ்சமாகத்தான் தெரிந்தது. இல்லாதவனிடம் பாதி கேட்பதாவது என்று அவரோடு வாதாடியிருக்கிறேன். அந்தக் கிராமம் ஒரு வழி கண்டுபிடித்தது. கரைவலை இழுத்தால் மீன் விற்ற காசைப் பங்கு பிரிப்பார்கள் அல்லவா, அதில் வாசிகசாலைக்கென்று ஒரு பங்கு ஒதுக்கினார்கள். நல்ல மீன்பாடு கிடைத்த நாளில் அந்தப் பங்கும் பெரிது, வெறும் வலை வந்த நாளில் ஒன்றுமில்லை. இரண்டு பருவம் அப்படிச் சேர்த்து, ஈரம் காயாத நோட்டுகளைப் பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டுவந்தார்கள். எண்ணி வாங்கியது நான். அதற்குச் சமமான தொகையை அவர் அன்றைக்கே கொடுத்தார். கூரை வேலைக்குப் பணம் குறைந்தபோதும் அதே கணக்குத்தான்.

1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிய ஊர் இது. கொடுத்தவர்களின் பெயரை நாங்கள் மறப்பதில்லை. ஆனால் வாசிகசாலையின் பாதி, வலை இழுத்தவர்களின் காசு. உங்கள் கட்டுரையை அந்த வாசிகசாலை மேசையிலேயே விரித்து வைத்து வாசித்தவர்கள் என்னைத் தேடி வந்து கேட்டார்கள், “அப்போ நாங்கள் போட்டது?” என்று.

அடுத்த ஞாயிறு இதழில் நாலு வரியில் இதைத் திருத்திப் போட்டால் உதவியாக இருக்கும். கொப்பி என்னிடம் இருக்கிறது, தொகை வேண்டுமானால் பார்த்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பழைய கணக்கப்பிள்ளை,
உவர்மலை, திருகோணமலை.