சிலைக்கு முதல் தோல் வண்டல்தான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சுவாமிமலையைச் சுற்றி வயல்களில் வீட்டுமனை பிரிக்க முளைக்கல் நடுவதைப் பார்த்தால் நெல்லை நினைத்துக் கவலைப்படுகிறோம். இங்கே ஐம்பொன் சிலை வார்க்க மண் எங்கே கிடைக்கும் என்று யாரும் கேட்பதில்லை. காவிரிப் படுகைக்கான 2020-ம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கிறது, மனைப்பிரிவைத் தடுப்பதில்லை.

தேன்மெழுகு, குங்கிலியப் பிசின், கடலை எண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உரு பிடித்ததும் அதன்மேல் முதலில் ஏறுவது காவிரி வண்டல். துணியில் சலித்து, குழைத்து, சுமார் 3 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசி நிழலில் காயவைப்பார்கள். விரல் நகத்தையும் அட்டிகை மணியையும் அச்சாகப் பிடிப்பது இந்தப் பூச்சுதான். அடுத்த பூச்சுக்கு வயல் களிமண்ணும் மணலும் போதும். பெரிய சிலையென்றால் கம்பி கட்டி இன்னொரு பூச்சு. பிறகு சுட்டால் உள்ளே இருக்கும் மெழுகு உருகி வடிந்துவிடும், அந்த வெற்றிடத்தில்தான் உலோகத்தை ஊற்றுவார்கள்.

முதல் பூச்சில் பருமணல் கலந்தால் சாமி முகத்தில் அம்மைத் தழும்பு விழும். வெறும் களியென்றால் காயும்போதே வெடிக்கும். வெடிப்புக்குள் உலோகம் ஓடிப் பிசிறாக நிற்கும். சாக்கடை சேரும் கரையில் அள்ளிய மண்ணில் ஒரு பிளாஸ்டிக் துணுக்கு இருந்தாலும் போச்சு: அது எரிந்த இடத்தில் உலோகம் புகுந்து மூக்கில் மருவாகிவிடும். கெட்ட வார்ப்பின் உலோகத்தை மறுபடி உருக்கலாம். ஆனால் உருகி வடிந்த மெழுகு உருவை மறுபடி கையால்தான் செய்தாக வேண்டும்.

இடமும் சுருங்குகிறது. அச்சை வரட்டியில் சுட வேண்டும், பிறகு மண் குழியில் புதைத்து ஊற்ற வேண்டும். சிமென்ட் தரையில் உருகிய உலோகம் சிந்தினால் தரையே வெடித்துத் தெறிக்கும். பக்கத்து மனையில் வீடு வந்தபின் வரட்டிப் புகைக்குச் சண்டை வேறு.

மேட்டூர் அணை வந்த 1934 முதலே வண்டலில் ஒரு பங்கு மேலேயே தங்கிவிடுகிறது. மிச்சத்தையாவது காக்கலாமே? வழக்கமாக ஜனவரி 28-ல் அணை மூடி ஜூன் 12-ல் திறக்கும்வரை ஆறு வறண்டுதான் கிடக்கும். கழிவுநீரும் கட்டட இடிபாடும் சேராத ஓரிரு படுகைகளை அளந்து, வார்ப்புத் தொழிலுக்கென ஒதுக்கி, வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரலாம். கேட்பது சாக்குக் கணக்கில், லாரிக் கணக்கில் அல்ல. மார்ச்சில் அள்ளி உலர்த்திவிட்டால் வருஷம் முழுக்க வைத்துக்கொள்ளலாம், வண்டல் கெட்டுப்போவதில்லை.

இப்படிக்கு,
வாசகர், சுவாமிமலை