கையெழுத்துப் போடும் முன் இதைப் படி, தம்பி

அன்புள்ள தம்பி,

கிரீன் கார்டு இருந்தாலே அமெரிக்கப் பட்டாளத்தில் சேரலாம், குடியுரிமையும் சீக்கிரம் கிடைக்கும் என்று நீ சொன்னதிலிருந்து ஒரு பையனைப் பற்றி உனக்கு எழுதிவிட வேண்டும் என்றே இருந்தேன்.

பேட்ரிக் கல்லஹர் என்று பெயர். அயர்லாந்தில் மேயோ கவுண்டி, பாலிஹானிஸ் பக்கம். 1962-இல், 18 வயதில், பிழைப்புக்காக நியூயார்க் போய், சொந்தக்காரர் வீட்டில் தங்கி வேலை பார்த்தான். அப்போது அமெரிக்காவில் கட்டாய ராணுவச் சேவை இருந்தது, குடியுரிமை வாங்காதவனாக இருந்தாலும் நிரந்தரமாகக் குடியேறியவன் என்றால் அவனுக்கும் அழைப்பு வரும், இவனுக்கும் வந்தது. பேசாமல் ஊருக்கே திரும்பியிருக்கலாம். ஆனால் மரீன் படையில், அதாவது கடல்வழி போய்த் தரையிறங்கிச் சண்டை போடும் படையில், சேர்ந்தான், வியட்நாமுக்கு அனுப்பினார்கள், வீட்டுக்கு அதைச் சொல்லவே இல்லை.

1966 ஜூலை 18, விடிவதற்கு முன்னால், கேம் லோ பக்கத்தில் எதிரிகள் இருட்டில் ஊடுருவி வந்து இவர்கள் இருந்த பதுங்குகுழிக்குள் கையெறி குண்டை வீசினார்கள். முதல் குண்டை இவன் காலால் உதைத்து வெளியே தள்ளிவிட்டான். அடுத்தது கூட இருந்த இரண்டு பேருக்கு நடுவில் வந்து விழ, அதன் மேலேயே குப்புறப் படுத்துக்கொண்டான். நினைத்துப் பார், தம்பி, வயிற்றுக்கு அடியில் குண்டு, அதற்குள் இன்னும் இரண்டு வந்து விழுகின்றன, கூட இருந்த மூன்று பேரும் வெளியே ஓடித் தப்புகிறார்கள், இவன் மட்டும் அசையாமல் கிடக்கிறான். அப்புறம் வயிற்றுக்கு அடியில் இருந்த குண்டைப் பக்கத்து ஆற்றில் எறியச் சொல்லி மேலாள் கத்த, எடுத்து எறிந்தான், தண்ணீரில் பட்டதும் வெடித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு வயது 22.

அதற்காக நேவி கிராஸ் கொடுத்தார்கள், மரீன்களுக்கு அது இரண்டாவது பெரிய வீர விருது, வியட்நாமில் அமெரிக்கப் படைகளுக்குத் தலைவராக இருந்த ஜெனரல் வெஸ்ட்மோர்லண்டே நேரில் வந்து அணிவித்தார். எப்படியும் பேப்பரில் வந்துவிடும் என்ற நிலையில்தான் அப்பா அம்மாவுக்கு விஷயத்தை எழுதினான்.

1967 மார்ச் 30 அன்று டா நாங் பக்கம் ரோந்து போனபோது சுடப்பட்டு இறந்துபோனான். 23 வயது. வியட்நாமில் அவனுக்கு விதித்திருந்த காலம் முடியப்போகிற நேரம். உடலைப் பாலிஹானிஸுக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

2018-இல் அமெரிக்கக் கடற்படை ஒரு போர்க்கப்பலுக்கு அவன் பெயரை அறிவித்தது, 2024-இல் மெய்ன் மாநிலத்தில் பெயர்சூட்டு விழாவுக்கு அவனுடைய சகோதரிகள் போயிருந்தார்கள். நல்ல மரியாதைதான், நான் குறை சொல்லவில்லை. எனக்கு அவனைப் பெற்றவள் ஞாபகம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. மகன் அமெரிக்காவில் பத்திரமாக இருக்கிறான் என்று நம்பி அந்த மாதங்களை அவள் கழித்திருக்கிறாள், அவன் பதுங்குகுழியில் கிடந்த இரவுகளில் மகனுக்காக என்ன வேண்டிக்கொள்வது என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது. அவன் பாசத்தில்தான் மறைத்திருப்பான், அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

உன்னைப் போகாதே என்று சொல்ல வரவில்லை. அந்த நாட்டில் வாழப்போகிறவன் நீ, முடிவும் உன்னுடையது. நாங்கள் பயப்படுவோம் என்று நினைத்து எதையும் மறைக்காதே, அவ்வளவுதான். பயப்படத்தான் செய்வோம், அது எங்கள் பாடு.

சேர்ந்தால் முழுநேரம், ரிசர்வ் (தேவைப்பட்டால் திரும்பக் கூப்பிடும் காலம்) எல்லாம் சேர்த்து 8 வருடக் கடமை என்கிறார்கள், அதை நன்றாக விசாரித்துக்கொள். எந்தப் படை, முழுநேரம் எத்தனை வருடம், பயிற்சி எந்த ஊரில், அவசரம் என்றால் நாங்கள் யாரைக் கூப்பிட வேண்டும், எல்லாவற்றையும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே எழுது. அம்மாவிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன், ஆனால் நீயும் அவளிடம் தனியாக ஒருமுறை பேசிவிடு.

அன்புடன்,
அப்பா